வெர்னுக்கு ஓர் உதாரண வாக்கியம்

கிரேலிங் ஏரி, மினசோட்டா
22 ஜனவரி 1979

ஆக்னஸ்,

நீதிமன்றத்தின் பெருங்கருணையால் உனக்கு எழுதுகிறேன். ஏப்ரல் விசாரணை முடியும்வரை உன்னையும் உன் கணவன் வெர்ன் கிராண்டலையும் நான் பார்க்கக் கூடாது, போனில் பேசக் கூடாது, நீங்கள் இருக்கும் ஊரில் காரை நிறுத்திப் பெட்ரோல்கூடப் போடக் கூடாது. நாம் சேர்ந்து எழுதும் ஆங்கில வினைச்சொல் கையேட்டின் ஆறாம் பதிப்பு குறித்து மட்டும் தபாலில் எழுதிக்கொள்ளலாம். நான் எழுதும் ஒவ்வொரு கடிதத்தின் நகலும் என் வக்கீல் ஒடேகார்டுக்குப் போக வேண்டும். எந்த ஆங்கில வினைச்சொல்லை எங்கே போடுவது என்று தெரியாமல் நாட்டின் மாணவர்கள் நடுத்தெருவில் நிற்பதாகப் பதிப்பகம் நீதிபதியிடம் முறையிட்டதாம். நீதிபதியும் நம் கையேட்டைப் படித்துத்தான் கல்லூரித் தேர்வு எழுதினாராம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் நன்றி எதுவும் தெரியவில்லை.

நகலைப் படிக்கப்போகும் ஒடேகார்டுக்காக நம் வேலை முறையைச் சொல்லிவிடுகிறேன். ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு வினைகள். வேறுபாட்டை ஒருவர் எழுதுவார், உதாரணத்தை மற்றவர் எழுதுவார். ஒருவர் எழுதியதில் மற்றவர் கைவைக்கக் கூடாது. உதாரணத்தில் 'நான்' என்ற சொல் வரக் கூடாது. எது நடந்தாலும் திரு. பிளங்கெட்டுக்கும் திருமதி பிளங்கெட்டுக்கும்தான் நடக்க வேண்டும். நாம் தம்பதியாக இருந்தபோது உண்டான விதிகள் இவை. விவாகரத்தில் வீடு, கார், நாய் எல்லாம் பிரிந்தன. பிளங்கெட்டைப் பிரிக்க முடியவில்லை. அதன்பின் வந்த இரண்டு பதிப்புகளில் நீ அவரை ஏரியில் மூழ்கடித்தாய், ஏணியிலிருந்து தள்ளினாய், ஒருமுறை தூக்கிலும் போட்டாய். நான் குறை சொல்லவில்லை. உதாரணங்கள் எல்லாமே பொருத்தமானவை.

டிசம்பரில் நடந்ததைப் பற்றி எழுதக் கூடாது என்பது உத்தரவு. ஆகவே எழுதவில்லை. ஆண்டுதோறும் போல நீ வேலைக்கென்று ஏரிக்கு வந்ததையும், இம்முறை வெர்ன் கூடவே வந்ததையும் எழுதவில்லை. உறைந்த ஏரியின் பனிமேல் போட்ட மீன்பிடிக் குடிசையில் அடுப்புச் சூட்டுக்கு நீ கழுத்துத் துணியைத் தளர்த்தியதை எழுதவில்லை. "அவளுக்கு ஐஸ்ல நடக்கத் தெரியாது, வழுக்கி விழுந்துட்டா" என்று அவன் சொன்னதையும், விழுந்தால் கழுத்தில் நான்கு விரல் பதியுமா என்று நான் கேட்டதையும் எழுதவில்லை. மீன் துளையில் பனி அள்ளும் இரும்புக் கரண்டியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவன் தாடையைப் பற்றி அறவே இல்லை.

இத்துடன் 'ஸ்லிப்', 'ஃபால்' பதிவு. முதலாவது காலின் குற்றம், இரண்டாவது மொத்த உடம்பின் கதி. மூன்றாவது ஆளின் கை இரண்டிலுமே கிடையாது. உதாரணம் உன் முறை.

ஹார்லன்

*

செயின்ட் பால்
3 பிப்ரவரி

ஹார்லன்,

இடது கையால் தட்டச்சு செய்கிறேன், எழுத்து விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு.

நீ எழுதாத விஷயங்களை எல்லாம் வெர்ன் படித்தான். இரண்டு முறை படித்தான். நீ எவ்வளவு சாமர்த்தியமாக எழுதவில்லை என்பதை அவனும் கவனித்தான். அதற்குப் பிறகுதான் மாவுக்கட்டு.

உனக்கு எழுதும் கடிதத்தை நூலகத்தில் உட்கார்ந்து அடித்து, அங்கேயே தபாலில் போடுகிறேன். நீ எழுதுவதோ வீட்டுக்கு வருகிறது, அவன் பிரிக்கிறான். வராமல் நின்றால் ஏன் வரவில்லை என்று கேள்வி வரும். ஆகவே நான் என்ன வேண்டுமானாலும் எழுதலாம், நீ எழுத முடியாது. நம் இருபதாண்டுப் பழக்கத்தில் இது முதல் முறை.

நீ செய்த காரியத்தின் பலனைச் சொல்கிறேன். வெர்ன் விற்பனைக்காரன். பள்ளி பள்ளியாகப் போய்ப் பேசிப் புத்தகம் விற்பான். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். அந்தப் பாதி மாதத்தில்தான் நான் உயிரோடு இருந்தேன். இப்போது தாடையைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். வாய் போனால் விற்பனைக்காரனுக்கு வேலை ஏது? நாள் முழுக்க வீட்டில். இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்து வேகவைத்த ஹாட்டிஷை மிக்ஸியில் அடித்து ஸ்ட்ராவில் குடிக்கிறான். பேசக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. பேச வாய் இல்லாத மனிதனுக்குக் கைதான் மிச்சம்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? அந்தக் குடிசையில் மூன்று பேர் இருந்தோம். நீங்கள் இருவரும் என் கழுத்தைப் பற்றிப் பேசிக்கொண்டீர்கள், பிறகு அதற்காகச் சண்டை போட்டீர்கள். கழுத்துக்குச் சொந்தக்காரி மீனைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இந்தக் கடிதத்தை ஒடேகார்டிடம் காட்டாதே. காட்டினால் மறுப்பேன். 'விழுந்தேன்' என்று போலீஸ் டெபுடியிடம் சொல்லிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

உதாரணம்: திருமதி பிளங்கெட் பனியில் வழுக்கினாள், சமையலறையில் விழுந்தாள்.

ஆக்னஸ்

*

கிரேலிங் ஏரி
12 பிப்ரவரி

திருமதி கிராண்டல் அவர்களுக்கு,

உதாரணம் கிடைத்தது. மிகப் பொருத்தம். மாற்றம் இல்லை.

பிழைதிருத்தம்: ஜனவரி 22ஆம் தேதியிட்ட பிரதியில் முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை நீக்கிவிடவும். ஆசிரியர் அதை எழுதும்போது தன்னைப் புத்திசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தார். வக்கீல் ஒடேகார்டும் அதே கருத்தைத் தொலைபேசியில் தெரிவித்தார்: "ஹார்லன், உங்கள வாய மூடச் சொன்னேன். வாய மூடிக்கிட்டுக் கையால பேசியிருக்கீங்க."

இத்துடன் 'ஸீ', 'வாட்ச்' பதிவு. கண் திறந்திருந்தால் போதும், முதலாவது நடந்துவிடும். இரண்டாவதற்கு நின்று பார்க்க வேண்டும். நிற்பவர் அதற்குப் பொறுப்பாளியும் ஆகிறார். உதாரணத்தை நான் எழுதுவதாக இருந்தால் திரு. பிளங்கெட்டைத்தான் போடுவேன். ஆனால் முறை உங்களுடையது.

அடுத்து 'ஹிட்', 'பீட்'. முதலாவது ஒரு முறை படுவது. இரண்டாவது ஓயாமல் விழுவது. இதற்கும் உதாரணம் உங்களுடையது. அவசரமில்லை.

xxxxxxxxxxxxxxxxxxxxxx

மேலே எக்ஸ் போட்டு அடித்த வரியைப் பொருட்படுத்த வேண்டாம். அது நகைச்சுவை.

ஹா. புரூயெட்

*

செயின்ட் பால்
1 மார்ச்

ஹார்லன்,

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். கை கொஞ்சம் வளைந்தே இருக்கிறது, தட்டச்சுக்குப் பழுதில்லை.

உன் ஒடேகார்ட் நூலகத்துக்கே வந்துவிட்டார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, புத்தக அலமாரிக்குப் பின்னால் நின்று கிசுகிசுத்தார்.

"மேடம், நீங்க ஒரே ஒரு வார்த்தை மாத்திச் சொன்னாப் போதும். இல்லன்னா மனுசன் ரெண்டு வருசம் உள்ள போயிடுவாரு."

"வார்த்தை பொறுக்குறதுதான் சார் எங்க தொழில். அவசரப்பட்டா தப்பாயிடும்."

"ஏப்ரல் பதினேழு வரைக்கும்தான் மேடம் டைம் இருக்கு."

"எனக்கு அதுவரைக்கும்கூட இல்லாமப் போகலாம்" என்றேன். அவர் சிரித்தார். பிறகு என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார்.

நீ ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் கல்யாண காலத்தில் நீ என்மேல் ஒருநாளும் கை ஓங்கியதில்லை. திருத்தினாய். காலை உணவில் திருத்தினாய், விருந்தாளிகள் முன்னால் திருத்தினாய், என் அப்பாவின் சவப்பெட்டிக்கு முன்னால் நின்று நான் பேசிய இரங்கலுரையைக் காரில் வரும்போது திருத்தினாய். பெட்டியோடு வாசலில் நின்று "நான் போறேன்" என்றேன். "'விட்டுப் போறேன்'தான் இங்க சரி" என்றாய். உன்னிடமிருந்து தப்பி, பேச்சில் தப்பே கண்டுபிடிக்காத ஒருவனிடம் போய்ச் சேர்ந்தேன். வெர்னுக்கு நான் பேசுவதில் எந்தப் பிழையும் தெரியாது. நான் பேசுவதுதான் பிழை.

ஆகவே இப்போது நீயும் ஒடேகார்டும் என் வாயில் ஒரு சொல்லை வைக்கப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அது சரியான சொல் என்பதால் கோபம் இன்னும் அதிகமாக வருகிறது.

வெர்ன் உன் பதிவுகளைப் படித்துவிட்டுச் சீட்டில் எழுதிக் காட்டினான்: "பிளங்கெட் பொண்டாட்டி ஏன் எப்பவும் விழுறா?" அவளுக்குக் கால் சரியில்லை என்றேன். பதிப்பகத்து மிஸ் ஃபர்லாங்கும் போனில் அதையே கேட்டாள்: "ஆக்னஸ், இது பள்ளிக்கூடப் புத்தகம்மா. இந்தத் தடவை ரத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கே?"

உதாரணங்கள். 'ஸீ': அண்டை வீட்டார் திருமதி பிளங்கெட்டின் கண்ணருகே காயத்தைக் கண்டனர். 'வாட்ச்': அவர்கள் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தனர். 'ஹிட்': பந்து ஜன்னலில் பட்டது. 'பீட்': திருமதி பிளங்கெட் கம்பளத்தைக் கொடியில் போட்டுத் தூசி போக அடித்தாள்.

ஆக்னஸ்

*

கிரேலிங் ஏரி
20 மார்ச்

திருமதி கிராண்டல் அவர்களுக்கு,

ஏரியில் பனி இளகத் தொடங்கிவிட்டது. குடிசைகளை எல்லோரும் கரைக்கு இழுக்கிறார்கள். என்னுடையது டெபுடியின் மஞ்சள் நாடாவோடு நடு ஏரியிலேயே நிற்கிறது. சாட்சியப் பொருளை நகர்த்தக் கூடாதாம். விசாரணைக்கு முன்பே அது தண்ணீருக்குள் போய்விடும் என்று சொன்னேன். "அத நாங்க பாத்துக்குறோம்" என்றார்கள். வாட்ச்.

'பீட்' பதிவுக்கு வந்த கம்பளத்தை ஏற்பதில் சிறு தயக்கம். இந்த நாட்டில் இப்போது யாரும் கம்பளத்தை அடிப்பதில்லை, இயந்திரத்தால் உறிஞ்சுகிறார்கள். ஆனால் தங்கள் உதாரணத்தில் கைவைக்கும் உரிமை எனக்கு இல்லை. அந்த உரிமை எப்போதுமே எனக்கு இருக்கவில்லை என்று இந்தக் குளிர்காலத்தில்தான் கண்டுகொண்டேன். இறந்தவர்களுக்கான உரைகளுக்கும், பெட்டியோடு வாசலில் நின்று சொல்லும் வாக்கியங்களுக்கும் இது பொருந்தும்.

'பீட்' பதிவு கம்பளத்தோடே அச்சுக்குப் போகலாம். உதாரணமே இல்லாமலும் போகலாம். இரண்டுக்கும் நான் தயார். பதிப்பின் இந்த ஆசிரியர் இரண்டு வருடம் வெளியூர் போகும்படி நேர்ந்தாலும் புத்தகத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது. இதை அவர் வீம்புக்குச் சொல்லவில்லை.

கடைசிப் பதிவு 'சே', 'டெல்'. இரண்டும் சொல்வதுதான். வேறுபாடு உங்கள் முறை, உதாரணம் என் முறை.

ஹா. புரூயெட்

*

செயின்ட் பால்
10 ஏப்ரல்

ஹார்லன்,

மறுபடியும் இடது கை.

சனிக்கிழமை வெர்னின் கம்பியை எடுத்தார்கள். வந்ததும் ஸ்டீக் கேட்டான். பொரித்துப் போட்டேன். மெதுவாக மென்று, கடைசித் துண்டை விழுங்கிய பிறகு, இத்தனை வாரமாக வாய்க்குள் வைத்திருந்ததைக் கேட்டான்.

"யாருடி அந்த பிளங்கெட்?"

"புத்தகத்துல வர்ற ஆளு."

"பொண்டாட்டி?"

"அவளும் புத்தகத்துலதான்."

"எங்கிட்ட வெளையாடாத. அவ விழுறா, அடிபடுறா, ஊரே பாக்குது. இத ஊர்ப் புள்ளைங்க எல்லாம் படிக்கணுமா?"

பிரதியைக் கொண்டுவரச் சொன்னான். ஸ்டீக் பொரித்த மின்சார அடுப்பின் சூட்டுத் தட்டு இன்னும் சிவப்பாக இருந்தது. பக்கங்களை ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்தான். 'பீட்' வந்தபோது நான் கை நீட்டினேன். எடுக்க நீட்டினேனா தடுக்க நீட்டினேனா என்று தெரியவில்லை. அவன் என் கையைப் பிடித்து, காகிதத்தோடு சேர்த்து அந்தத் தட்டின்மேல் வைத்தான். வைத்தபடியே இருந்தான். கத்தினேன். அண்டை வீட்டில் திரைச்சீலை அசைந்தது.

கையைப் பற்றி அதிகம் எழுதவில்லை. ஆறிவிடும் என்கிறார் டாக்டர். எப்படி ஆச்சு என்று கேட்டார். 'அடுப்புல பட்டுடுச்சு' என்றுதான் வாயில் வந்தது. அதைச் சொல்லிவிட்டேன். வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். பட்டது! அடுப்பு எழுந்து வந்து என்னைத் தொட்டதுபோல. ஆறு பதிப்புகளாக ஊர்ப் பிள்ளைகளுக்குச் சரியான வினைச்சொல்லைச் சொல்லிக் கொடுத்த வாய் இது.

நகல் பிரதி நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. என் துணிகளும் அங்கேதான், அகராதி வரிசைக்குப் பின்னால். பதினேழாம் தேதி வருவேனா என்று தெரியாது. வந்தால் என்ன சொல்வேன் என்றும் தெரியாது. ஒடேகார்டை அனுப்பாதே.

ஆக்னஸ்

*

மாவட்டச் சிறை
25 ஏப்ரல்

ஆக்னஸ்,

மிஸ் ஃபர்லாங் வழியாக இது உனக்குக் கிடைக்கும். இப்போது வேறு யாரும் பிரிக்க மாட்டார்கள். சிறைக் காவலர் மட்டும் பிரிப்பார். அவருக்கு என் கையெழுத்து புரியாது.

சாட்சி சொன்னதும் நீ பேருந்தைப் பிடிக்க ஓடிவிட்டாய். ஆகவே பிறகு நடந்ததை நான் எழுத வேண்டும். முதலில் உன் பகுதி. அதை நீ ஒருமுறை என் பக்கத்திலிருந்து கேட்க வேண்டும்.

அரசு வக்கீல் தாளைப் பார்த்தபடி, "மேடம், டிசம்பர்ல நீங்க பனியில விழுந்ததா டெபுடிகிட்டச் சொல்லியிருக்கீங்க" என்றார்.

"சொன்னேன். தப்பான வார்த்தை அது."

"சரியான வார்த்தை எது?"

"வெர்ன் என்னை அடிச்சான்."

"ஒரு தடவை கைநீட்டிட்டார்னு சொல்றீங்களா?"

"ஒரு தடவைக்கு வேற வார்த்தை இருக்கு சார். நான் சொன்னது ஓயாம அடிக்கிறதுக்கு. அஞ்சாம் பதிப்புலயே இருக்கு."

நீதிபதி தன்னையறியாமல் தலையாட்டினார். நீ துணிக்கட்டை அவிழ்த்துக் கையை மேசைமேல் வைத்தாய். வெர்ன் எழுந்து, கம்பி எடுத்த தாடையோடு, "பொய் சொல்றா! அவளாத்தான் அடுப்புல சுட்டுக்கிட்டா!" என்று கத்தினான். அடுப்பைப் பற்றி அதுவரை அங்கே யாரும் பேசியிருக்கவில்லை. அறையே அவன் பக்கம் திரும்பியது. தாழ்வாரத்தில் வைத்து அவன் கையில் விலங்கு மாட்டினார்கள். உங்கள் ஊர்ப் போலீஸ் வந்து அழைத்துப்போனது.

நீ போன பிறகு என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். காற்று நம் பக்கம் வீசுகிறது, எதையும் கெடுக்காதீர்கள் என்று ஒடேகார்ட் காதில் ஓதினார். அரசு வக்கீலே மனம் மாறி, இனிமையாகத்தான் கேட்டார்.

"ஆக, அந்த அம்மா கழுத்தப் பாத்ததும் கோபத்துல கைய வீசுனீங்க. கரண்டி வெர்ன்மேல பட்டுடுச்சு. அப்படித்தானே?"

'ஆமாம்' என்றால் அன்றே வீட்டுக்குப் போயிருக்கலாம். ஒடேகார்ட் கண்ணாலேயே கெஞ்சினார்.

"படல சார். அடிச்சேன்."

"சரி, ஒரு அடி."

"ரெண்டு. முதல் அடியிலயே அவன் உக்காந்துட்டான். ரெண்டாவது தேவையே இல்ல."

ஒடேகார்ட் நெற்றியை மேசையில் வைத்துக்கொண்டார். பிறகு வெளியே வந்து, "உங்களுக்கெல்லாம் வாயில ஒரு பூட்டு போட்டுத்தான் கூட்டிட்டு வரணும்" என்றார். இரண்டு வருடம் என்று இருந்தது இலையுதிர்காலம் வரை என்று ஆகியிருக்கிறது. ஏரி உறைவதற்குள் வெளியே வந்துவிடுவேன். குடிசை நாடாவோடு மூழ்கிவிட்டது.

கழுத்துக்குச் சொந்தக்காரியை யாரும் கேட்கவில்லை என்று பிப்ரவரியிலேயே நீ சரியாக எழுதிவிட்டாய். முதல் அடியை உன் கழுத்தின் கணக்கில் வைக்கலாம். இரண்டாவது, அந்தக் கழுத்து என்னை விட்டுப் போனதற்காக. அதற்காகத்தான் இங்கே இருக்கிறேன் என்று வைத்துக்கொண்டால் சாப்பாடு இறங்குகிறது.

நீ என்னைக் காப்பாற்றினாய், ஆக்னஸ். அதற்கு நன்றி.

ஹார்லன்

*

ஃபார்கோ
6 மே

ஹார்லன்,

திருத்தம். நான் உன்னைக் காப்பாற்றவில்லை. நடந்ததைச் சொன்னேன். அதில் உன் தண்டனை குறைந்தது தற்செயல். நீ ஒப்புக்கொண்டதும் எனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே. தப்பான சொல்லை விட்டுவைக்க உன்னால் முடியாது. அதனால் உள்ளே இருக்கிறாய். ஆனால் முதல் முறையாக நீ திருத்தியது உன்னை. அதைக் கவனித்தேன்.

பேக்கரி ஒன்றின் மேல்மாடியில் அறை எடுத்திருக்கிறேன். இங்கே என்னை யாரும் திருத்துவதில்லை. கீழே இருக்கும் பெண், கையைப் பார்த்து, "இது எப்படி ஆச்சு?" என்றாள். சொன்னேன். அவள் ரொட்டியை வைத்துவிட்டுக் கைகளைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "மொதல்லருந்து சொல்லு" என்றாள்.

ஏரிக்கு வர மாட்டேன், சிறைக்கும் வர மாட்டேன். கையேட்டை முடிப்போம். பிளங்கெட் தம்பதி இந்தப் பதிப்போடு ஓய்வு பெறுகிறார்கள். மிஸ் ஃபர்லாங்கிடம் சொல்லிவிட்டேன். கம்பளத்தையும் எடுத்துவிட்டேன், அங்கே என்ன போட வேண்டும் என்று உனக்குத் தெரியும்.

கடைசிப் பதிவில் வேறுபாடு என் முறை, உதாரணம் உன் முறை. இரண்டையும் நானே எழுதிவிட்டேன். 'நான்' வரக் கூடாது என்ற விதியும் உடைந்திருக்கிறது.

'சே': யாரும் இல்லாத அறையிலும் சொல்லலாம். பல ஆண்டுகள் அப்படிச் சொல்ல முடியும்.

'டெல்': சொல்பவருக்கு எதிரே கேட்பதற்கு ஒருவர் இருந்தாக வேண்டும்.

உதாரணம்: வெர்ன் என்னை அடித்தான் என்று நான் அவர்களிடம் சொன்னேன்.

இதில் ஒரு காற்புள்ளியைக்கூடத் தொடாதே.

ஆக்னஸ்